கொல்லும் குளிர்வாயு: போர்க்கப்பல்களின் உள்ளறைகளும் எமது இளைஞர்களும்

2022 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 18 ஆம் திகதி மாலை, மும்பைக் கடற்படைத் தளத்தில் தரித்து நின்ற இந்தியக் கடற்படையின் 'ரன்வீர்' என்னும் நாசகாரிக் கப்பலின் உள்ளறையொன்றில் வெடிப்பு ஏற்பட்டது. மூன்று மாலுமிகள் உயிரிழந்தனர்; பதினொரு பேர் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். எதிரியின் ஏவுகணையோ கண்ணிவெடியோ இதற்குக் காரணமன்று. கப்பல் சொந்த நாட்டுத் துறைமுகத்தில் அமைதியாக நின்றது. உள்ளறையொன்றில் வெடிப்பு என்ற அளவிலேயே கடற்படை அறிவித்தது. வளிச்சீராக்கி இயந்திரங்கள் இருந்த பகுதியில் வாயு கசிந்தமை காரணமாக இருக்கலாம் என முதற்கட்டச் செய்திகள் தெரிவித்தன. விசாரணைச் சபையொன்றும் நியமிக்கப்பட்டது.

மலையகத்தின் குளிரில் வாழ்பவர்களுக்கு வளிச்சீராக்கி தூரத்து விடயமாகத் தோன்றலாம். வலப்பனையிலோ இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ பனிக்காற்றுக்குக் கம்பளியைத் தேடும் மக்களுக்குப் போர்க்கப்பலின் குளிரூட்டி எதற்கு என்றும் கேட்கலாம். ஆனால் தோட்டப் பாடசாலைகளில் கற்று வெளியேறும் தமிழ் இளைஞர்களிலும், மலையக நகரங்களின் முஸ்லிம் இளைஞர்களிலும் கணிசமானோர் இன்று நாடுவது குளிரூட்டல், வளிச்சீராக்கல் தொழிலையே. தொழிற்பயிற்சிச் சான்றிதழுடன் கொழும்புக்கும், அங்கிருந்து வளைகுடா நாடுகளின் குளிர்களஞ்சியங்களுக்கும், கப்பல் திருத்தும் தளங்களுக்கும் அவர்கள் செல்கின்றனர். போர்க்கப்பலின் உள்ளறையில் நிகழ்வதும் அந்தக் களஞ்சியங்களில் நிகழக்கூடியதும் ஒன்றே. கப்பலில் இடம் குறுகியது, கதவுகள் கனமானவை என்பதால் விளைவு அங்கே விரைவாகத் தெரிகிறது. ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக விளக்க வேண்டியது அவசியம் எனக் கருதுகிறோம்.

போர்க்கப்பலில் குளிரூட்டல் என்பது அதிகாரிகளின் சொகுசுக்காக ஏற்பட்டதன்று. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அது வெடிமருந்துக் களஞ்சியத்தின் தேவையாக இருந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் 'இயேனா' என்ற போர்க்கப்பல் 1907 மார்ச் 12 இல் தூலோன் துறைமுகத்தின் உலர்துறையில் நின்றபோதே வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1911 செப்டெம்பர் 25 இல் அதே துறைமுகத்தில் 'லிபேர்ட்டே' வெடித்தபோது இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். புகையற்ற வெடிமருந்து நாட்பட்டும் வெப்பத்தாலும் சிதைவடைந்து தானாகவே தீப்பற்றியதே இவற்றுக்குக் காரணம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. களஞ்சியத்தைக் குளிராக வைத்திருப்பது உயிர்காக்கும் ஏற்பாடாகியது இத்தகைய அனுபவங்களின் பின்னரே.

இன்று வெடிமருந்தைவிடக் குளிரை அதிகம் வேண்டி நிற்பவை ராடர், சோனார், கணினி ஆகியனவே. ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கப்பட்ட நீர், குழாய்கள் வழியே கப்பல் முழுவதும் ஓடி அவற்றின் வெப்பத்தை அகற்றுகிறது. அந்நீரோட்டம் நின்றால் சிறிது நேரத்தில் கப்பலின் கண்ணும் காதும் செயலிழக்கும். இறைச்சியையும் மீனையும் உறைநிலையில் வைக்கும் அறைகள் இதற்குப் புறம்பானவை. இவை அனைத்தையும் இயக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் கப்பலின் கீழ்த்தளங்களில், நீர்மட்டத்துக்குக் கீழே, சாளரமற்ற இரும்பு அறைகளில் உள்ளன.

இனி வாயுக்களுக்கு வருவோம். தொடக்ககாலக் குளிரூட்டிகளில் அமோனியா பெரிதும் பயன்பட்டது. நல்ல குளிரூட்டி, ஆனால் நச்சுத்தன்மை மிக்கது. காற்றில் பத்து இலட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிராபத்து எனக் கணிக்கப்படுகிறது. மூடிய கப்பலுக்குள் அதனை வைத்திருக்க அஞ்சியதால் பல கப்பல்களில் காபனீரொட்சைட்டு இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. 1928 இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லியும் அவரது சகாக்களும் குளோரோ புளோரோ காபன் வகை வாயுவைக் குளிரூட்டலுக்குக் கொண்டுவந்தனர். 1930 இல் இரசாயனவியலாளர் கூட்டமொன்றில் மிட்ஜ்லி அவ்வாயுவைத் தாமே நெஞ்சு நிறைய உள்ளிழுத்து, வெளிவிட்ட மூச்சால் எரியும் மெழுகுதிரியை அணைத்துக் காட்டினார். நஞ்சுமல்ல, தீப்பற்றுவதுமல்ல என்பதற்கு அதுவே செயல்முறை விளக்கம். 'பிரியோன்' என்ற வணிகப் பெயர் உலகெங்கும் பரவியது. கடற்படைகளும் அதனை வரவேற்றன. (பெற்றோலில் ஈயத்தைச் சேர்க்கும் முறையைக் கண்டவரும் இதே மிட்ஜ்லிதான். ஒரே மனிதரின் இரு கண்டுபிடிப்புகளை உலகம் பின்னர் ஒவ்வொன்றாகக் கைவிட நேர்ந்தது.)

மெழுகுதிரி அணைந்ததில் இன்னொரு செய்தியும் இருந்தது. சுவாலை வாழ முடியாத வாயுவில் மனிதனும் வாழ முடியாது. பிரியோன் வகை வாயுக்கள் காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானவை. கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாமல், குழியில் நீர் தேங்குவதுபோல அறையின் தரையிலிருந்து மேல்நோக்கி நிரம்புகின்றன. நிறமில்லை, மணமும் இல்லை எனலாம். அமோனியாவின் நெடி சிறிதளவிலேயே மனிதனை வெளியே துரத்திவிடும். பாதுகாப்பானது எனப் பெயரெடுத்த வாயு எவரையும் துரத்துவதில்லை. குழாயைப் பழுதுபார்க்கத் தரையில் குந்தியிருப்பவனின் மூக்கு வாயுவுக்குள் அமிழ்ந்திருக்க, நிமிர்ந்து நிற்கும் உதவியாளன் ஒன்றும் உணராமல் பேசிக்கொண்டிருப்பான்.

எமது உடலின் இயல்பும் இவ்விபத்துக்குத் துணைபோகிறது. மூச்சுத் திணறுகிறது என்ற உணர்வு ஒட்சிசன் குறைவதால் வருவதன்று. இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதாலேயே வருகிறது. நல்ல காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். வேறொரு வாயு அதனை வெளித்தள்ளிவிட்ட அறையில் ஒருவன் வழமைபோலவே மூச்சுவிடுவான். காபனீரொட்சைட்டும் வழமைபோல வெளியேறும். உடலுக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. ஒட்சிசன் 10 சதவீதமளவில் குறையும்போது அறிவு மங்கி மயக்கம் வரும். 6 சதவீதத்துக்குக் கீழே சில மூச்சுகளிலேயே கால்கள் தளர்ந்துவிடும். நிமிடங்களில் இதயம் நிற்கும். விழுந்தவன் மேலும் பாரமான வாயுவுக்குள்ளேயே விழுகிறான்.

இன்னும் இரு ஆபத்துகள் உண்டு. செறிவு மிகுந்த குளிர்வாயு இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. அதிலும் பயமும் பரபரப்பும் மேலிட்டு உடலில் அட்ரினலின் சுரக்கும் வேளையில் அந்த ஆபத்து அதிகம். ஓடித்தப்ப முயல்பவனையே அது வீழ்த்துகிறது. மற்றையது தீயுடன் சேர்ந்தது. தானாக எரியாத இவ்வாயு, சுவாலையிலோ செஞ்சூடான உலோகத்திலோ பட்டால் ஐதரசன் புளோரைட்டு போன்ற அமிலப் புகைகளாகச் சிதைகிறது. குளோரின் கொண்ட வகைகளிலிருந்து பொஸ்ஜீனும் உண்டாகலாம்; முதலாம் உலகப் போரில் போர்க்களத்தில் ஏவப்பட்ட அதே பொஸ்ஜீன்தான். 'எரியாத வாயு எப்படி வெடிக்கும்?' என்ற கேள்வியும் எழலாம். உயர் அமுக்கத்தில் காற்றுடன் கலக்கும்போது சில குளிர்வாயுக்கள் எரியக்கூடியனவாக மாறுகின்றன. அமுக்கியின் மசகெண்ணெய் நுண்துளிகளாகக் காற்றில் கலந்தாலும் வெடிக்கும். கசிவைச் சோதிக்கக் குழாய்க்குள் காற்றை அடைக்கக் கூடாது, நைதரசனையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி இதனாலேயே ஏற்பட்டது.

குளிர்வாயுவின் நெருங்கிய உறவினர் ஒருவர் கப்பலில் வேறொரு வேலையில் இருக்கிறார். தீயை அணைப்பதற்காகச் சேமித்து வைக்கப்படும் ஹேலோன் வகை வாயுக்களும் காபனீரொட்சைட்டுமே அவை. நெருப்புக்கு எதிராக வைக்கப்பட்ட அந்தக் காவல், ஆள் இருக்கும்போது திறந்துகொண்டால் என்ன நிகழும் என்பதை ரஷ்யாவின் 'நேர்ப்பா' அணுசக்தி நீர்மூழ்கி காட்டியது. 2008 நவம்பர் 8 இல் ஜப்பான் கடலில் அது பரீட்சார்த்தப் பயணத்தில் இருந்தது. கப்பலில் இருந்த 208 பேரில் படையினர் 81 பேர் மட்டுமே. ஏனையோர் கட்டுமானத் தளத்தின் ஊழியர்களும் நிபுணர்களும் ஆவர். தீ எதுவும் இல்லாத நிலையில் தீயணைப்பு ஏற்பாடு இயங்கி வாயு அறைகளை நிரப்பியது. 20 பேர் மாண்டனர். அவர்களில் 17 பேர் சிவிலியன்கள். அணைப்பு வாயுவில், உடைகளை உலர்சலவை செய்யப் பயன்படும் டெட்ராகுளோரோ எதிலீன் என்ற நச்சுத் திரவம் கலந்திருந்தமை பின்னைய பரிசோதனையில் வெளிப்பட்டது. மாலுமி ஒருவரும் கப்பற் தலைவரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். ஜூரர்கள் அவர்களை விடுவித்தனர். அதே நீர்மூழ்கி 2012 ஏப்ரலில் 'சக்ரா' என்ற பெயருடன் இந்தியக் கடற்படையில் குத்தகை அடிப்படையில் சேர்ந்து, 2021 இல் ரஷ்யாவுக்குத் திரும்பியது.

இறந்தோரில் பெரும்பான்மையினர் சிவிலியன்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1939 ஜூன் 1 இல் லிவர்பூல் குடாவில் மூழ்கிய பிரித்தானிய நீர்மூழ்கியான 'தெற்றிஸ்' கதையும் இவ்வாறானதே. அதுவும் பரீட்சார்த்தப் பயணமே. தளத் தொழிலாளரும் விருந்தினரும் சேர்ந்ததால் வழமையைப்போல் ஏறத்தாழ இருமடங்காக 103 பேர் அதில் இருந்தனர். நால்வர் மட்டுமே தப்பினர். ஏனையோரிற் பெரும்பாலானோரைக் கொன்றது கடல்நீரன்று. அத்தனை பேரும் விட்ட மூச்சில் சேர்ந்த காபனீரொட்சைட்டே. கப்பலை நன்கறிந்த மாலுமி எச்சரிக்கை மணியின் பொருளை அறிவான். சுவாசக் கவசம் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதையும் இருளில் கையால் தடவியே அறிவான். ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளி அறியான். எமது இளைஞர்கள் இத்தகைய கப்பல்களிலும் களஞ்சியங்களிலும் நுழையும்போது இரண்டாமவரின் நிலையிலேயே நுழைகின்றனர்.

இந்தியாவில் இதற்கு அண்மைக்கால உதாரணங்கள் பல. 2014 பெப்ரவரி 26 இல் மும்பைக்கு அப்பால் 'சிந்துரத்னா' நீர்மூழ்கியினுள் புகை சூழ்ந்து இரு அதிகாரிகள் மாண்டனர். அன்றே கடற்படைத் தளபதி அட்மிரல் டி. கே. ஜோஷி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எமது பிராந்தியத்தில் அரிதாகவே காணக்கிடைக்கும் ஒரு முன்மாதிரி அது. அடுத்த மாதமே, மார்ச் 7 இல், மும்பையில் கட்டுமானம் முடியும் தறுவாயிலிருந்த 'கொல்கத்தா' நாசகாரியில் தீயணைப்பு ஏற்பாட்டிலிருந்து காபனீரொட்சைட்டு கசிந்து கடற்படை அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய ஏற்பாடுகள் ஓர் அறையின் காற்றில் 30 சதவீதத்துக்கும் மேல் காபனீரொட்சைட்டை நிரப்புபவை. 10 சதவீதமே மனிதனைச் சில நிமிடங்களில் மயக்கிவிடும்.

அப்படியானால் காற்றோட்டமே மருந்தல்லவா? ஆம். ஆனால் கப்பலில் அம்மருந்துக்கு மறுபக்கம் உண்டு. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மேல்மாடியில் கொழுந்து வாட்டும் தொட்டிகளின் ஒரு முனையில் பெரிய விசிறி நின்று, கொழுந்துப் படுக்கையின் அடியிலிருந்து காற்றை மேலே தள்ளுகிறது. சுமார் 12 முதல் 18 மணித்தியாலம் அக்காற்று கொழுந்தின் ஈரத்தைச் சுமந்துகொண்டு சாளரங்கள் வழியே வெளியேறிவிடும். கப்பலில் அத்தகைய சாளரங்கள் இல்லை. ஓர் அறையின் காற்று குழாய் வழியே இன்னோர் அறைக்குச் சென்று, சுற்றிச் சுழன்றே வெளியேறுகிறது. நல்ல காற்று செல்லும் வழியே புகையும் செல்லும்.

1966 ஒக்டோபர் 26 இல் வியட்நாமுக்கு அப்பால் கடலில் நின்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான 'ஒரிஸ்கனி'யில் மக்னீசிய வெளிச்சக் குண்டொன்று தற்செயலாகத் தீப்பற்றியது. 44 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் தீயில் எரிந்தவர்களல்லர். தமது அறைகளில் புகையால் மூச்சடைத்து இறந்தவர்கள். எனவேதான் தீ என்றதும் விசிறிகளை நிறுத்துவதும், காற்றுக் குழாய்களின் அடைப்புத் தகடுகளை மூடுவதும் போர்க்கப்பலின் முதற்கடமைகளில் சேர்ந்தன. மூடினால் தீ மூச்சடைத்துச் சாகும். உள்ளே சிக்கியவனும் அவ்வாறே சாவான். மூடாவிட்டால் கப்பல் முழுவதற்கும் புகை பரவும். எந்தத் தகட்டை, எந்நேரத்தில், யார் எங்கே இருக்கும்போது மூடுவது என்ற தீர்மானம் ஒரு சில நொடிகளில் எடுக்கப்பட வேண்டியது. குழாய்களின் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படியும் தூசும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் தீக்கு எரிபொருளாவதும் உண்டு. துப்புரவு செய்பவனின் வேலை கப்பலில் சிறிய வேலையன்று.

நோய்த்தொற்றையும் ஒரு வார்த்தை குறிப்பிட வேண்டும். 2020 இல் அமெரிக்காவின் 'தியோடோர் ரூஸ்வெல்ற்', பிரான்ஸின் 'சார்ள்ஸ் டி கோல்' ஆகிய விமானந்தாங்கிகள் ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கொரோனா தொற்றியது. ஒரே காற்றைப் பகிர்ந்து, அடுக்குப் படுக்கைகளில் நெருங்கி உறங்கும் வாழ்க்கையில் வேறெதை எதிர்பார்க்க முடியும்?

இவ்விபத்துகளில் எம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. முதலில் விழுபவன் ஒருவன். அவனைத் தூக்கச் சென்று இறப்பவர் பலர். இதற்குப் போர்க்கப்பலைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லப்பிட்டியவில் இறப்பர் தொழிற்சாலையொன்றில் அமோனியா இருந்த தொட்டிக்குள் தொழிலாளி ஒருவர் விழுந்தார். அவரைக் காப்பாற்ற முயன்றவர்களும் சேர்ந்து ஐவர் உயிரிழந்தனர். எச்சரிக்கும் நெடி கொண்ட அமோனியாகூட, கண்முன்னே சக மனிதன் துடிக்கும்போது எவரையும் தடுத்து நிறுத்துவதில்லை. மாணிக்கக் குழிகளில் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் குழிக்குள் இறக்கி இயக்கி, அதன் காபனோரொட்சைட்டுப் புகையால் மயங்கியவனைத் தேடி அண்ணன் இறங்குவதும், அண்ணனைத் தேடி மைத்துனன் இறங்குவதும் நாம் அறிந்த கதைகளே. அன்பும் துணிச்சலும் உள்ளவர்களையே இவ்வாயுக்கள் இரண்டாவதாகத் தெரிந்தெடுக்கின்றன.

இதற்கு உலகம் கண்டறிந்த நடைமுறை சிக்கலானதன்று. மூடிய அறைக்குள் நுழையுமுன் விசிறியால் காற்றை மாற்ற வேண்டும். கருவியால் ஒட்சிசனையும் நச்சு வாயுவையும் அளக்க வேண்டும்; அதுவும் மேலே, நடுவே, தரையருகே என மூன்று மட்டங்களில். வாசலில் ஒருவன் நிற்க வேண்டும். அவன் எக்காரணம் கொண்டும் உள்ளே போகக் கூடாது. உள்ளே இருப்பவன் விழுந்தால் மணியடித்து, காற்றுச் சிலிண்டருடன் கூடிய சுவாசக் கவசம் அணிந்த குழுவை அழைப்பதே அவனது வேலை. வடிகட்டி பொருத்திய சாதாரண முகமூடி இங்கே பயன்படாது. இல்லாத ஒட்சிசனை எந்த வடிகட்டியும் உண்டாக்கித் தராது. வணிகக் கப்பல்களில் இரு மாதங்களுக்கு ஒருமுறை இதற்கான ஒத்திகை நடத்தப்பட வேண்டும் என்பது 2015 ஜனவரி முதல் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. ஆனால் அவ்வுடன்படிக்கை போர்க்கப்பல்களைக் கட்டுப்படுத்தாது. ஒவ்வொரு கடற்படையும் தனக்கான விதியைத் தானே வகுக்கிறது. விசாரணை அறிக்கைகளும் பெரும்பாலும் வெளிவருவதில்லை. இது மாற வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. கப்பலின் ஆயுத இரகசியம் வேறு, குளிரூட்டிக் குழாய் ஏன் கசிந்தது என்ற தகவல் வேறு. 1968 இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையில் சேவையைத் தொடங்கிய கப்பலொன்றை 2019 இல் 'கஜபாகு' என்ற பெயரில் எமது கடற்படை இணைத்துக்கொண்டது. வயதான கப்பல்களைப் பெற்றுப் பயன்படுத்தும் நாட்டுக்கு அண்டை நாட்டு விபத்தின் விபரங்கள் மிகவும் பெறுமதியானவை.

உள்நாட்டில் செய்யக்கூடியதும் உண்டு. 1987 இன் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் இயந்திர அறைகளின் கதவுகளில் உள்ள எச்சரிக்கைப் பலகைகள் எத்தனை இடங்களில் தமிழில் உள்ளன என்பதை வாசகர்களே தமது தொழிலிடங்களில் பார்த்துக்கொள்ளலாம். குளிரூட்டல் பயிற்சி பெறும் மாணவனுக்கு வாயு நிரப்பக் கற்பிக்கும்போதே, வாயு நிரம்பிய அறைக்குள் நுழையாதிருக்கவும் அவனது மொழியில், செயல்முறை ஒத்திகையாகக் கற்பிக்க வேண்டும். சிலிண்டரைச் சுமந்து நுழைபவனைவிட வாசலில் நிற்பவனுக்கே அப்பயிற்சி அதிகம் தேவை.

இத்தேவை குறையப் போவதில்லை. ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மொன்றியல் உடன்படிக்கை பிரியோனின் பழைய வகைகளை விலக்கியது. அமெரிக்கக் கடற்படை உட்படப் பலரும் ஆர்-134ஏ போன்ற மாற்று வாயுக்களுக்கு மாறினர். அவை புவியைச் சூடாக்குபவை எனக் கண்டு, 2016 இன் கிகாலித் திருத்தம் அவற்றையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இதனால் பெரிய குளிர்களஞ்சியங்களில் அமோனியா தொடர்ந்து இடம்பிடிக்கிறது; காபனீரொட்சைட்டும் வளிமண்டல அமுக்கத்தைப்போல் 90, 100 மடங்கு அமுக்கத்துடன் மீண்டும் வருகிறது. எமது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளில் வந்துவிட்ட ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்தது, காற்றைவிடப் பாரமானது, பொறி பட்டால் பற்றுவது. பழைய பெட்டிகளைத் திருத்திப் பழகிய கை, குழாயை ஒட்டுவதற்குச் சுவாலையைப் பற்றவைத்த பின்னரே பெட்டியின் பின்புறத்தைப் பார்க்கும். தீச்சுவாலை வரைந்த மஞ்சள் முக்கோண அடையாளம் அங்கேதான், அமுக்கியின் அருகே ஒட்டப்பட்டிருக்கிறது.